சொல்லின் பின்பாதி

என் கணவருக்குச் சொற்களின் பின்பாதியோடு எந்தத் தகராறும் கிடையாது. முன்பாதிதான் அவரைப் படுத்தி எடுக்கும். முதல் எழுத்தில் உதடு ஒட்டிக்கொள்ளும், கண் சுருங்கும், கழுத்து நரம்பு புடைக்கும். அந்த எழுத்தைத் தாண்டிவிட்டால் மீதிச் சொல் மளமளவென்று வந்து விழுந்துவிடும். சின்ன வயதிலிருந்தே இப்படித்தானாம். பெண் பார்க்க வந்தபோது 'பையன் ரொம்ப அமைதி' என்றுதான் எங்கள் வீட்டில் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

கடைக்கு பிஸ்கட் வாங்கப் போவார், ரஸ்க்கோடு வருவார். ஏனென்று கேட்டால் ரஸ்க் உடம்புக்கு நல்லது என்பார். அன்றைக்கு 'பி' வரவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் பஸ் நிறுத்தத்தின் பெயர் 'க'வில் ஆரம்பிக்கிறது. அதனால் கண்டக்டரிடம் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்கி, அங்கே இறங்கி, மழையானாலும் வெயிலானாலும் நடந்தே திரும்பி வருவார். இதையெல்லாம் என்னிடம் அவர் சொன்னதில்லை. கூடவே குடித்தனம் நடத்துகிறவளுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன?

வீட்டில் அந்தக் கஷ்டம் இல்லை. அவர் ஒரு சொல்லை ஆரம்பிக்கப் பார்ப்பார், நான் முடித்துவிடுவேன். பத்து வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு அலைகிறவள் எவ்வளவு நேரம்தான் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது? சில சமயம் தப்பாகவும் முடித்திருக்கிறேன். ஒரு நாள் 'த, த' என்று ஆரம்பித்தார். தலையணையா என்று கேட்டபடியே கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கி வைத்துப் படுத்துக்கொண்டார். தலைவலி என்று சொல்ல வந்தாராம், மறுநாள் மாத்திரை அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஆங்கிலத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியவர். பாடப்புத்தகம் அச்சடிக்கிற ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலை. காகிதத்தோடு காகிதமாக உட்கார்ந்திருக்கலாம், யாரிடமும் பேச வேண்டாம். அச்சகத்தை மூடியதும் அந்த நிம்மதி போயிற்று. அதற்கப்புறம் இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு நேர்காணலுக்குப் போனார். முதல் இடத்தில் பெயர் என்ன என்று கேட்டார்கள். பெயரைச் சொல்லாமல் அதற்கு மாற்றாக எதைச் சொல்வது? அங்கே ரஸ்க் செல்லாது. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டார்.

அன்றிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து தினசரியில் வருகிற எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார். யாருக்காக என்று கேட்கத் தைரியம் வரவில்லை. கடைக்குப் போவதையும் மெல்ல மெல்ல விட்டார். ஒரு மனிதர் இப்படியே அறைக்குள் அடைந்து போய்விடுவாரோ என்ற பயம் எனக்கு வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கூடவே இருந்தது. பயமாக இருந்தால் எனக்குக் கோபம்தான் வரும். தினமும் எதையாவது சொல்லிக் கத்தினேன்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர். ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்த டீச்சர் நடு வருஷத்தில் வேலையை விட்டுப் போனார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டுக்காரர் ஆங்கிலம் படித்தவர்தானே, நன்றாகப் பேசுவாரா என்று விசாரித்தார்.

"பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டார், மேடம்" என்றேன்.

அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. இருந்தாலும் அவர் மேற்கொண்டு எதுவும் கேட்பதற்குள் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் குதித்தார். கோபத்தில் அவருக்குத் திக்கல் இன்னும் அதிகமாகும், அதனால் சண்டையே சரியாக நடக்காது, பாதியில் நின்றுவிடும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் கையை அலம்பிக்கொண்டு வந்து எனக்கு எதிரில் நின்றார்.

"இ... இதுதான் கடைசி. இதுவும் ஆகலைன்னா இனிமே எந்த ஸ்கூல் பேரையும் என்கிட்ட சொல்லாதே."

சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை அவர். சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும், பாடத்தை அவரே தேர்ந்தெடுக்கலாம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அவர் பேப்பரில் எதையெதையோ எழுதி எழுதிக் கிழித்துப் போட்டார். கடைசியில் ஒரு நாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வந்து, ஆங்கிலச் சொற்களின் பின்னொட்டுகளை எடுக்கப்போவதாகச் சொன்னார். சொல்லின் தலையை வகுப்பு சொல்லட்டும், வாலை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வாயில் நுரையோடு நான் அவரைப் பார்த்தேன். இவ்வளவு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தது வீண் போகவில்லை என்று தோன்றியது.

யோசனை இதுதான். பலகையில் இடது பக்கம் வெள்ளைச் சாக்பீஸில் ஒரு சொல்லை எழுதுவார். கையை உயர்த்துவார். கை இறங்கும்போது வகுப்பு முழுவதும் 'கேர்' என்று சேர்ந்து கத்தும். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் இவர் 'ஃபுல்' என்று பின்னால் ஒட்டிவிடுவார். கேர்ஃபுல், கவனமானவர். மறுபடியும் கை, மறுபடியும் 'கேர்', இந்தத் தடவை 'லெஸ்'. கேர்லெஸ், அதே ஆள் எல்லாவற்றையும் தவறவிடுகிறார். அதன் பின்னால் 'நெஸ்' என்று இன்னொன்றை ஒட்டினால் ஆள் போய் ஒரு குணம் வந்துவிடும். நாலு பேரோடு சேர்ந்து சொல்லும்போது அவருக்குத் திக்காது. அடுத்தவர் ஆரம்பித்துவைத்தால் தொற்றிக்கொண்டு ஏறிவிடுவார். வகுப்பில் மற்றபடி பேச வேண்டியதற்கு 'அதாவது' இருக்கிறது. என்ன காரணமோ, 'அ' மட்டும் அவருக்கு எப்போதும் வழிவிடும். அதனால் எல்லா வாக்கியத்தையும் 'அதாவது' என்று தொடங்கி, அந்த வேகத்திலேயே அடுத்த சொல்லுக்குள் புகுந்துவிடுவார்.

வகுப்பாக நான் நியமிக்கப்பட்டேன். சமையலறையில் அலமாரிக் கதவுதான் பலகை. நான் காய் நறுக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அவர் கையை உயர்த்துவார், இறக்குவார், நான் 'கேர்', 'ஹோப்', 'யூஸ்' என்று கத்துவேன். அவர் ஒட்டுவார். முதல் சில நாள் சிரிப்பு வந்தது. டீச் பண்ணுகிறவர் டீச்சர், ரைட் பண்ணுகிறவர் ரைட்டர், 'அர்' என்று வால் ஒட்டினால் வேலையே ஆளாக மாறிவிடும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அப்படியானால் தினமும் குக் பண்ணுகிற நான் குக்கரா என்று கேட்டேன். அவர் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். குக் என்றாலே சமைக்கிறவர், வால் ஒட்டினால் பாத்திரமாகிவிடுவார், இந்த மொழி கொஞ்சம் நம்பக்கூடாத மொழிதான் என்றார். அப்போது அவருக்கு ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை. அச்சகம் மூடியதற்கு அப்புறம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு சிரிப்பு நின்று, பழக்கம் வந்தது. அவர் கை இறங்கினால் என் வாய் தானாகத் திறக்கும். குளியலறையில் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே எதற்கோ அவர் கையால் கதவைத் தட்டினால்கூட 'ஹோப்' என்று சொல்லிவிடுவேன்.

வகுப்பன்று காலையில் அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிட்ட மாதிரி பாவனைதான். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு, கழற்றிவிட்டு, மறுபடி போட்டார். வழியில் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் திக்கும், திக்கினால் இன்றைக்கு நாள் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார் என்ற பயத்தில் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பஸ்ஸில் நானே சீட்டு வாங்கினேன்.

பள்ளிக்கூடத்தில் கூடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நடக்க வேண்டிய மாதிரி வகுப்பு நூலகத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. என் நூலகத்துக்கு, என் மேஜைக்கு எதிரில். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வகுப்பு முடியும் வரைக்கும் கழிப்பறையில் போய் நின்றுகொள்ளலாம் என்று திட்டம் வைத்திருந்தவள் நான். நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள், புத்தகங்களுக்கு ஆள் வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். வாசிப்பு மேஜைகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். பின்னால் தலைமையாசிரியையும், பள்ளிக்கு ஆலோசகராக வருகிற ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியரும். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மடியில் கை கோத்து, எதையும் எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதுகிறவர்களைக்கூட நம்பலாம். சும்மா பார்க்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு உதறல்.

நான் தலையைக் குனிந்துகொண்டு புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட ஆரம்பித்தேன். காதை மட்டும் அங்கே வைத்தேன்.

பிள்ளைகள் எழுந்து குட் மார்னிங் சொன்னார்கள். அவர் சிரித்துத் தலையசைத்தார். முதல் கண்டம் தாண்டியது. பலகையில் எழுதுகிற சத்தம். "அதாவது, இந்தச் சொல்லை எல்லாரும் சேர்ந்து படிங்க" என்றார், ஒரே மூச்சில். கை இறங்கியிருக்க வேண்டும், 'கேர்' என்று நூலகமே அதிர்ந்தது. 'ஃபுல்' என்றார். நான் அடுத்த புத்தகத்தை எடுத்தேன்.

வகுப்பு சூடு பிடித்தது. சொல்லப்போனால் அவர் நன்றாகவே எடுத்தார். கைண்ட் என்றால் அன்பான, 'நெஸ்' ஒட்டினால் அன்பு. டார்க் என்றால் இருட்டான, டார்க்னெஸ் என்றால் இருட்டு. தமிழிலும் நாம் பின்னால்தான் ஒட்டுகிறோம், வீடு என்பதில் ஒட்டி ஒட்டி வீட்டிலிருந்து வரைக்கும் போகிறோம் இல்லையா என்று கேட்டார். பிள்ளைகள் பள்ளியிலிருந்து, பஸ்ஸிலிருந்து என்று ஆளுக்கொன்று கத்தினார்கள். முன்பல் விழுந்த ஒரு பெண் எழுந்து, ஹோம்லெஸ் என்றால் வீடு இல்லாதவர், அப்படியானால் வீடு இருக்கிறவர் ஹோம்ஃபுல்லா என்று கேட்டாள். அதாவது, எல்லா வாலும் எல்லாத் தலைக்கும் ஒட்டாது, காது பழகப் பழகத் தெரியும் என்றார். தலைமையாசிரியை சிரித்தது எனக்குக் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று என் கை அட்டையை மடித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் வெளியே வெள்ளையடிப்பவர்களின் ஏணி விழுந்தது. தடால் என்று ஒரு சத்தம். பிள்ளைகள் மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். நான் நிமிர்ந்தேன். அவர் பலகைக்குப் பக்கத்தில், உயர்த்திய கையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஹோப்!" என்றேன்.

நல்ல கணீரென்ற குரலில், சமையலறையில் சொல்கிற அதே சுருதியில். அவரும் பழக்கதோஷத்தில் "ஃபுல்" என்றார்.

 பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த இடத்திலேயே அட்டைக் காகிதத்துக்குள் என்னைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. தலைமையாசிரியை சிரிக்கவில்லை. பேராசிரியர் என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்பவர்கள் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வகுப்பு நல்லா இருக்கு, சார்" என்றார் பேராசிரியர். குரலில் கடுமை இல்லை. "ஆனா ஒண்ணு கவனிச்சேன். இவ்வளவு நேரத்துல நீங்களா ஒரு இங்கிலீஷ் சொல்லைக்கூட ஆரம்பிக்கலை. பிள்ளைங்க கொஞ்சம் சும்மா இருக்கட்டும். நீங்களே ஒரு சொல்லை எடுத்து மாத்திக் காட்டுங்க. 'டிபெண்ட்' எடுத்துக்குங்களேன்."

'ட'. இருக்கிற எழுத்துகளிலேயே அவருக்குப் பரம எதிரி அதுதான். வீட்டில் டீ வேண்டுமென்றால் டம்ளரைத் தூக்கிக் காட்டுகிற மனிதர்.  செய்ததெல்லாம் நான், மாட்டிக்கொண்டது அவர்.

அவர் பலகைப் பக்கம் திரும்பி அந்தச் சொல்லை எழுதினார். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக. எழுதி முடித்தபின் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. திரும்பினார்.

"அதாவது..." என்றார். அந்த வேகம் அவரை எங்கும் கொண்டுபோகவில்லை. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கண் சுருங்கியது. கழுத்து நரம்பு எழும்பியது. சத்தமே இல்லை. பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு பையன் பக்கத்துப் பையனை இடித்தான்.

டிபெண்ட் என்ற சொல் என் வாயில் தயாராக இருந்தது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஒரு சின்ன இருமலோடு சேர்த்துச் சொல்லிவிடலாம், அவர் தொற்றிக்கொள்வார், பேராசிரியர் என்ன நினைத்தால் என்ன? இத்தனை வருஷமாக அதைத்தானே செய்கிறேன். அவர் என்னைப் பார்த்தார். கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தேன்.

அவர் தலையை மெதுவாக, இல்லை என்று அசைத்தார். பிள்ளைகளுக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். கையில் இருந்த புத்தகத்தை எவ்வளவு அழுத்திப் பிடித்தேனோ, அட்டை கிழிந்துவிட்டது.

அவர் மூச்சு விட்டார். தோள் இறங்கியது.

"எ... எனக்கு திக்கும்" என்றார் பிள்ளைகளிடம். "அதனாலதான் உங்களை மு... முதல்ல சொல்ல வெச்சேன். இப்ப நானே சொல்லப்போறேன். கொ... கொஞ்ச நேரம் ஆகும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் 'திக்கும்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. என்னிடம்கூடச் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. தன் கையாலேயே கதவை இழுத்து மூடிவிட்டாரே, இனி யார் வேலை கொடுப்பார்கள் என்று நினைத்தேன்.

அவர் ஆரம்பித்தார். டி, டி, டி என்று அந்த ஒரே எழுத்து, ஏணியை நிமிர்த்தி வைக்கிற சத்தம் வெளியே கேட்டு முடியும் வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் டிபெண்ட் வந்தது. அதன் பின்னால் வால்கள் வரிசையாக வந்தன, அவற்றில் அவருக்கு என்றைக்குமே கஷ்டம் இல்லை. டிபெண்டென்ட், அடுத்தவரைச் சார்ந்து இருக்கிறவர். டிபெண்டபிள், அடுத்தவர் நம்பிச் சார்ந்திருக்கக்கூடியவர். தலை ஒன்றுதான், வால் மாறினதும் சுமக்கிறவர் யார், சுமக்கப்படுகிறவர் யார் என்பதே மாறிப்போகிறது பாருங்கள் என்றார். ஒவ்வொரு தடவையும் 'டி'யில் நின்றார். ஒவ்வொரு தடவையும் நாங்கள் காத்திருந்தோம். இடித்த பையனும் காத்திருந்தான்.

முன்பல் விழுந்த பெண் கையைத் தூக்கினாள். "சார், ஒரே ஆள் ரெண்டுமா இருக்கலாமா?"

"இ... இருக்கலாம்" என்றார் அவர். மணி அடித்தது.

பிள்ளைகள் போனார்கள். அவர் தண்ணீர் குடிக்க வராந்தாவுக்குப் போனார். சட்டையின் முதுகுப்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. நானும் நைசாக நழுவப் பார்த்தேன். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார்.

நன்றாகப் பேசுவார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதை விடுங்க. பாடம் தெரிஞ்சவர், அதுல சந்தேகமே இல்லை. ஆனா நாள் பூரா, வகுப்புக்கு வகுப்பு, இப்படிப் பேசித் தாங்குவாரா? பிள்ளைங்க கிண்டல் பண்ணா என்ன செய்வார்? கூடவே இருக்கிறவங்க, நீங்க சொல்லுங்கம்மா."

என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஒன்றில்லை, பத்து. தாங்குவார் சார், ரொம்பப் பொறுமைசாலி, கிண்டலெல்லாம் பார்த்துப் பழகினவர், நான் பக்கத்திலேயே இருக்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன். கெஞ்சுவதற்குக்கூடத் தயாராக இருந்தேன். அந்த ஜன்னலும் சிவப்புப் பேனாவும் கண் முன்னால் நின்றன. நான் சொல்லும் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது என்று தோன்றியது. அதே சமயம், அவர் தலையசைத்ததும் கண் முன்னால் நின்றது.

"அவரையே கேளுங்க, சார்" என்றேன். "நேரமாகும். ஆனா அவரே சொல்வார்."

வராந்தாவுக்கு வந்து, உங்களை உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்கிற மாதிரி பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். நம்பவில்லை போலிருந்தது. எனக்கே நம்பிக்கை இல்லாத விஷயம்தான். உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது.

நான் வெளியே நின்றேன். சுண்ணாம்பு வாடை அடித்தது. உள்ளே பேராசிரியரின் குரல் கேட்டது, கேள்வி என்று தெரிந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம் எனக்குத் தெரியும். அதற்குள் அவர் கண் எப்படிச் சுருங்கியிருக்கும், கை மேஜை விளிம்பை எப்படிப் பிடித்திருக்கும் என்றெல்லாம் தெரியும். உள்ளே ஓடிப்போய் ஒரு சொல் எடுத்துக் கொடுத்தால் முடிந்துவிடும். கால் தானாகக் கதவுப் பக்கம் போனது. திரும்பி மாடிப்படி வரைக்கும் நடந்துபோய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் குரல் ஆரம்பித்தது, நின்றது, மறுபடி ஆரம்பித்தது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. வெகுநேரம் அவர் குரல் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை யாரோ சிரித்தார்கள். நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று தெரியாமல் தவித்துப்போனேன்.

கதவு திறந்தது. அவர் வெளியே வந்து, வராந்தாவில் தேடி, என்னைக் கண்டுபிடித்து நடந்து வந்தார். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். கிட்டே வந்ததும் அவர் பேச வாயெடுத்தார், முகம் கோணிக்கொண்டது. அதுதான் அவரிடம் இருக்கிற சங்கடம். நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் சொல்ல ஆரம்பிக்கும்போது அந்த முகம் ஒரே முகம்தான்.

"கி... கி..."

 நான் கேட்கவில்லை. கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்று இரண்டில் ஒன்றை எடுத்து நீட்டினால் தலையையாவது ஆட்டுவார். நீட்டவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு அவர் கண்ணையே பார்த்தேன்.

"கிடை..." என்றார். முதல் எழுத்தைத் தாண்டிவிட்டால் எந்தச் சொல்லிலும் அவர் நின்றதில்லை. இன்றைக்கு அங்கேயும் நின்றார். உள்ளே மிச்சமில்லாமல் செலவழித்துவிட்டு வந்திருந்தார், மூச்சு வாங்கியது.

அவருக்குப் பின்னால் நூலகக் கதவைத் திறந்துகொண்டு தலைமையாசிரியை வந்தார். எங்களைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் விஷயமாதான். நாங்க என்ன முடிவு..."

நான் கையை உயர்த்தினேன். எனக்குச் சம்பளம் போடுகிற, யாரும் நடுவில் குறுக்கிட்டுப் பேசத் துணியாத தலைமையாசிரியையை அப்படி நிறுத்தினேன்.

"ஒரு நிமிஷம், மேடம். அவர் சொல்லிட்டிருக்கார்."

தலைமையாசிரியை நின்றார். என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். மாடிப்படியில் ஏறி வந்த ஒரு டீச்சரும் எதற்கென்று தெரியாமலே நின்றுவிட்டார். என் கணவர் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மூச்சை இழுத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"கி... கிடை..."

நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"...ச்சிடுச்சு" என்றார்.